கடைமடையிலிருந்து திட்டமிடுதல்: பெரியாறு பிரதானக் கால்வாயில் தொழிலகத் தகவல்தொடர்பு வலையமைப்பு

தொழிலக வலையமைப்புகளை நிறுவுவதற்கான ஐஇசி 61918 தரநிலை, திட்டமிடலில் தொடங்கி நிறுவல், சரிபார்ப்பு, ஏற்புச் சோதனை, பராமரிப்பு வரை செல்கிறது. ஆலைக்குள் உள்ள கருவிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட இந்த ஒழுங்கைப் பாசனக் கால்வாய்க்கும் கொண்டுசெல்லலாம். ஆனால் திட்டத்தைத் தலைமதகிலிருந்து அல்ல, கடைமடையிலிருந்து வரைய வேண்டும். மேலூர்ப் பகுதியை முன்வைத்து இதை வாதிடுகிறது இக்கட்டுரை.

1895இல் திறக்கப்பட்ட பெரியாறு அணையின் நீர், 1959 முதல் வைகை அணையில் தேங்கி, பேரணையிலிருந்து பிரதானக் கால்வாயில் பிரிகிறது. கள்ளந்திரி வரையிலான இருபோகப் பரப்பு 45,041 ஏக்கர். அதற்குக் கீழே மேலூரை உள்ளடக்கிய ஒருபோகப் பரப்பு 85,563 ஏக்கர். பெரிய பரப்பு கால்வாயின் பின்பகுதியில் இருக்கிறது. மேலே நடக்கும் ஒவ்வொரு பிசகும் அங்கேதான் பற்றாக்குறையாகத் தெரிகிறது. ஆகவே அளவீட்டுக்கான முதல் நிலையத்தைக் கடைமடையில் வைத்து, அங்கு ஏற்படும் குறைவுக்குக் காரணம் காட்டும் இடங்களை மேல்நோக்கித் தேர்வதே சரி.

வேகம் இங்கே சிக்கலே அல்ல. 50 நிலையங்கள், கால் மணிக்கு ஒருமுறை, தலா 100 பைட் என்று கொண்டால், சராசரித் தேவை நொடிக்கு ஏறத்தாழ 44 பிட் மட்டுமே. மதகைத் திறந்தபின் நீர் கடைமடையை எட்ட மணிக்கணக்காகும். தூரம்தான் சிக்கல். ஆர்எஸ்-485 கம்பி இணைப்பு குறைந்த வேகத்திலும் சுமார் 1,200 மீட்டர்தான் செல்லும். செம்புக் கம்பி ஈதர்நெட் 100 மீட்டரில் நிற்கும். இவை ஒரு மதகுக் கட்டடத்துக்குள் போதும். நிலையங்களுக்கிடையே ஃபைபரோ ரேடியோவோ தேவை.

அடுத்தது தரை. மேலூர்ச் சுற்றுவட்டாரம் கிரானைட்டும் நைஸ் பாறையும் நிறைந்தது. பாறையின் மின்தடை அதிகம் என்பதால், எர்த்திங்குக்கு ஒரு கம்பியை இறக்கிவிட்டால் போதாது; மண்தடையை இடத்திலேயே அளந்து, தேவைப்பட்டால் வளைய எர்த்திங் அமைக்க வேண்டும். ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தாததால், ஒரு நிலையத்தில் விழும் இடியின் மின்னெழுச்சி அடுத்ததற்குக் கம்பி வழியே பரவாது. ஆயினும் ஃபைபரிலுள்ள உலோகக் கவசத்தையும் மின்னிணைப்பையும் தனியே காக்க வேண்டும். கால்வாய்ப் படுகையைக் கடக்கும் குழாய்களை நீர் அடைத்த காலத்திலேயே பதிக்க முடியும். வழக்கமாக ஒருபோகத்துக்குச் செப்டம்பரில் தண்ணீர் திறப்பதால், வேலைக்கால அட்டவணை ஒப்பந்ததாரர் வசதிப்படி அமையாது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்றுண்டு: செல்பேசி இணைப்பு எங்கும் இருக்கையில் இத்தனை ஏற்பாடு ஏன்? மலிவான வழி என்பது உண்மையே. ஆனால் புயல்மழையில் கோபுரத்துக்கு மின்சாரம் நின்றால், ஷட்டரைக் கவனிக்க வேண்டிய அதே நேரத்தில் தகவலும் நின்றுவிடும். எனவே செல்பேசியைப் பயன்படுத்துவதைத் தவிர்க்க வேண்டியதில்லை. அதை மட்டுமே நம்பாதிருந்தால் போதும். ஒவ்வொரு நிலையமும் அளவீட்டை நேரக்குறியுடன் தன்னிடமே சேமித்து, இணைப்பு மீண்டதும் அனுப்ப வேண்டும். இணைப்பு அறுந்தால் ஷட்டர் இருந்த நிலையிலேயே நிற்க வேண்டும்; கரையிலிருக்கும் கால்வாய்ப் பணியாளரான லஸ்கர் அதைக் கையால் இயக்கவும் வழி இருக்க வேண்டும்.

தமிழ்நாடு உழவர் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம், 2000 நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்கு நிர்வாகத்தில் இடம் தருகிறது. அந்தச் சங்கங்களுக்கும் அளவீடு தெரிவதை ஏற்புச் சோதனையின் நிபந்தனையாக்க வேண்டும். தலைமதகில் திறந்த அளவை அதிகாரி அறிவதோடு சோதனை முடியக்கூடாது. மேலூர் விவசாயி தன் மடைக்கு வந்த அளவை அதனோடு ஒப்பிட முடிந்தால்தான் அது தேறியதாகும்.