வீட்டிலேயே டிஜிட்டல் பின்பால் மெஷின்: தனியாளா செய்ய முடியுமா? எங்கே தொடங்கணும், எங்கே சறுக்கும்?

விண்டோஸ் எக்ஸ்பி காலத்து கம்ப்யூட்டர் லேப் ஞாபகம் இருக்கா? சார் அந்தப் பக்கம் திரும்பினதும் ஓப்பன் ஆகும் விண்வெளி பின்பால் கேமை மறந்திருக்க மாட்டீங்க. அதையே ஆள் உயரத்துக்குப் பெட்டியாக, நின்றுகொண்டு ரெண்டு கையாலும் பட்டன் தட்டி விளையாடும்படி வீட்டிலேயே செய்ய முடியுமா?

முடியும். அதுவும் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் இருப்பவர்களுக்கு இன்னும் சுலபம். ஆனால் முதல் நாளே டிவியும் பிளைவுட்டும் வாங்கிவிட்டால், கடைசியில் மிச்சம் ஒரு பெரிய மரப்பெட்டி மட்டும்தான். ஏன்? விரிவாகப் பார்க்கலாம்.

பின்பால் என்றால் என்ன?

திருவிழாக் கடைகளில் ஆணி அடித்த பலகையில் கோலிக்குண்டை உருட்டி விளையாடியிருப்போம். அதற்குப் பெயர் பாகடெல். பின்பாலுக்கு அதுதான் தாத்தா. 1931-ல் அமெரிக்காவின் காட்லீப் நிறுவனம் கொண்டுவந்த 'பேஃபிள் பால்' மெஷின் பெரிய ஹிட். ஆனால் அதில் பந்தைத் திருப்பி அடிக்கும் வழி இல்லை, விட்டால் விட்டதுதான். 1947-ல் அதே நிறுவனத்தின் 'ஹம்ப்டி டம்ப்டி' மெஷினில்தான் பந்தைத் தட்டிவிடும் ஃப்ளிப்பர் வந்தது. அதிர்ஷ்டம் திறமையாக மாறியது அங்கேதான்.

டிஜிட்டல் பெட்டிக்குள் என்ன இருக்கும்?

நிஜ மெஷினில் 27 மி.மீ. விட்டம், சுமார் 80 கிராம் எடையுள்ள இரும்புப் பந்து ஓடும். டிஜிட்டலில் பந்து இல்லை. மேசை இருக்கும் இடத்தில் ஒரு டிவி படுத்திருக்கும். எதிரே நிற்கும் பலகையில் ஸ்கோர் காட்ட இன்னொரு சின்ன மானிட்டர். உள்ளே ஒரு கம்ப்யூட்டர், பக்கத்துக்கு ஒரு பட்டன், பந்தை ஏவ இழுக்கும் ஸ்பிரிங் கம்பி, பெட்டியை லேசாகத் தட்டினால் உணரும் சென்சார். அவ்வளவுதான்.

முதலில் கேம், அப்புறம்தான் மரம்

கேமை லேப்டாப்பிலேயே செய்து முடித்துவிடுங்க. 2000-ம் ஆண்டு வெளியான 'விஷுவல் பின்பால்' என்ற இலவச மென்பொருளில் சொந்த மேசையை வடிவமைக்கலாம். புரோகிராமிங் தெரிந்தவர்கள் கோடாட், யூனிட்டி போன்ற கேம் எஞ்சின்களில் அடியிலிருந்தே எழுதலாம்.

இங்கே எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. புவியீர்ப்பு 9.8 என்று புத்தகத்தில் படித்ததை அப்படியே போட்டால், பந்து கிணற்றில் போட்ட கல் மாதிரி விழும். பின்பால் மேசையின் சரிவு சுமார் 6.5 டிகிரிதான். அந்தச் சரிவில் உருளும் பந்தின் முடுக்கம் நொடிக்கு நொடி சுமார் 0.8 மீட்டர் மட்டுமே. ஒரு மீட்டர் உருள்வதற்கு ஏறக்குறைய 1.6 நொடி ஆகும். நேராக விழுந்தால் அரை நொடிகூட ஆகாது.

நம்பிக்கை இல்லையா? ஒரு மீட்டர் நீளப் பலகையின் ஒரு முனையை 11 செ.மீ. தூக்கி வைத்து, கோலிக்குண்டை உருட்டி, செல்போனில் வீடியோ எடுத்துப் பாருங்க. குண்டின் எடை எவ்வளவு என்பது கணக்கே இல்லை. நேரம் கிட்டத்தட்ட அதேதான் வரும். உங்கள் திரையிலும் பந்து அதே வேகத்தில் உருண்டால் பாதிக் கிணறு தாண்டியாச்சு.

பந்து சுவருக்குள்ளே புகுந்து போகுதே?

அடுத்த தலைவலி இது. திரை நொடிக்கு 60 முறை மாறுகிறது. பந்து நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் போனால், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே 5 செ.மீ. நகர்ந்திருக்கும். பந்தின் அகலமோ 2.7 செ.மீ. அதாவது, முதல் படத்தில் சுவருக்கு இந்தப் பக்கம், அடுத்த படத்தில் அந்தப் பக்கம். நடுவே மோதியதே கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

தீர்வு, படம் 60 முறை மாறினாலும் கணக்கை நொடிக்கு ஆயிரம் முறை போட வைப்பது. அப்போது ஒரு கணக்குக்கு பந்து 3 மி.மீ. மட்டுமே நகரும். மோதல் தப்பாது.

இந்தச் சிக்கல் பெரிய ஆட்களையும் விட்டுவைக்கவில்லை. நாம் லேபில் விளையாடிய அதே பின்பாலை 64-பிட் விண்டோஸுக்கு மாற்றியபோது, பந்து மோத வேண்டியவற்றில் மோதாமல் ஊடுருவிப் போனது. யாரோ எழுதிய பழைய கோடில் தப்பு எங்கே என்று கண்டுபிடிக்க முடியாமல் கேமையே கைவிட்டதாக மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ரேமண்ட் சென் பின்னாளில் எழுதினார். விஸ்டாவில் பின்பால் காணாமல் போன கதை இதுதான்.

டிவி வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

இன்ச் மட்டும் பார்த்தால் போதாது. பட்டன் தட்டியதற்கும் திரையில் ஃப்ளிப்பர் அசைவதற்கும் உள்ள தாமதம்தான் முக்கியம். நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதித்தாலே, வேகமாக வரும் பந்து 30 செ.மீ. தாண்டிப் போயிருக்கும். 'கேம் மோட்' உள்ள டிவியாகப் பாருங்க. படுக்க வைத்த திரையைச் சாய்வாகத்தான் பார்க்கப் போகிறோம் என்பதால், ஐபிஎஸ் வகை பேனல் நல்லது. மற்றவற்றில் மேல்முனை வெளிறித் தெரியலாம்.

43 இன்ச் டிவியின் திரை சுமார் 95 செ.மீ. நீளம், 53 செ.மீ. அகலம். 32 இன்ச் என்றால் 71-க்கு 40. முதல் முயற்சிக்கு 32 தாராளம்.

பெட்டி எப்படி?

முதலில் அட்டைப்பெட்டியில் செய்து பாருங்க. பட்டன் எந்த உயரத்தில் இருந்தால் தோள் வலிக்காது என்பது நின்று விளையாடினால்தான் தெரியும். அது சரியாக வந்த பிறகு 18 மி.மீ. பிளைவுட். நேராக அறுப்பது கஷ்டம் என்றால், அளவை எழுதிக்கொண்டு போய் ஆசாரியிடமோ கடையிலோ அறுத்து வாங்கலாம். 'தனியாள்' என்ற பெருமை அதனால் குறையாது.

ரெண்டு விஷயத்தை மறக்கக் கூடாது. ஒன்று, காற்று. டிவியும் கம்ப்யூட்டரும் மூடிய பெட்டிக்குள் வெந்துவிடும். அடியில் காற்று நுழையவும், பின்னால் மேலே ஃபேன் வைத்து வெளியேறவும் வழி வேண்டும். இரண்டு, வாசல். கால்களும் மேல்பெட்டியும் கழற்றும்படி இல்லையென்றால், மாடி ரூமில் செய்தது மாடி ரூமிலேயே இருக்கும்.

அந்த 'டக்' சத்தம்: இங்கேதான் கோவை வருது

எல்லாம் சரியாக இருந்தும் விளையாடும்போது ஏதோ குறையும். நிஜ மெஷினில் ஃப்ளிப்பர் அடிக்கும்போது கைக்கு ஒரு அதிர்வு வரும். காயிலில் கரண்ட் பாய்ந்து இரும்பை இழுக்கும் அதிர்வு அது. அந்தக் காயிலில் ரெண்டு சுற்று உண்டு: அடிக்க வலுவான ஒன்று, தூக்கியபடி நிறுத்திவைக்க மெல்லிய ஒன்று. வலுவான சுற்றிலேயே கரண்ட் நின்றுவிட்டால் காயில் கருகிவிடும்.

மோட்டார் வைண்டிங் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. தோட்டத்து மோட்டார் ஸ்டார்ட்டரைப் போட்டதும் 'டக்'குனு விழுமே, கான்டாக்டர்? டிஜிட்டல் பின்பால் செய்பவர்கள் அதே கான்டாக்டரைப் பெட்டிக்குள் இடம் வலமாகப் பொருத்தி, பட்டன் தட்டும்போது அடிக்க விடுகிறார்கள். வாங்கும்போது 24 வோல்ட் டிசி காயில் உள்ளதாகக் கேட்டு வாங்கணும். பம்ப் ஸ்டார்ட்டரில் இருந்து கழற்றியது வேண்டாம். அது 230 அல்லது 415 வோல்ட் காயிலாக இருக்கும்.

பட்டன்களுக்கு ஆர்டுயினோ லியனார்டோ அல்லது ராஸ்பெர்ரி பை பைக்கோ போர்டு போதும். கம்ப்யூட்டர் அதை யுஎஸ்பி கீபோர்டாகவே எடுத்துக்கொள்ளும். காயிலை மட்டும் போர்டில் நேரடியாக இணைக்காதீங்க. நடுவில் மாஸ்ஃபெட் வேண்டும். காயிலுக்குக் குறுக்கே ஒரு டையோடு வேண்டும். கரண்ட் நிற்கும்போது காயில் திருப்பி அடிக்கும் வோல்டேஜில் போர்டு போய்விடும்.

கரண்ட் விஷயத்தில் வீரம் வேண்டாம்

பட்டன், காயில் எல்லாம் 5 முதல் 24 வோல்ட்டுக்குள் இருக்கட்டும். 230 வோல்ட் வரும் பகுதியை எலக்ட்ரீஷியனிடம் விடுங்க. கை படும் உலோகப் பாகம் அத்தனைக்கும் எர்த் கட்டாயம். வீட்டில் ஆர்சிசிபி இல்லையென்றால், அதைப் போட்ட பிறகுதான் இந்த வேலையே. டிவியின் பின்மூடியைக் கழற்றாமல் அப்படியே படுக்க வைப்பது உயிருக்கும் நல்லது, வாரண்டிக்கும் நல்லது.

இது சூதாட்டம் ஆகுமா?

இந்தக் கேள்வி பழசு. சூதாட்டம் என்று சொல்லி நியூயார்க் நகரம் 1942-ல் பின்பாலைத் தடை செய்தது. 1976-ல் ரோஜர் ஷார்ப் என்ற இளைஞர் நகர மன்றத்தில் மெஷினை வைத்து, பந்து எங்கே போகும் என்று முன்கூட்டியே சொல்லி அடித்துக் காட்டிய பிறகுதான் தடை நீங்கியது. வீட்டில் பொழுதுபோக்குக்கு விளையாடுவதில் சிக்கல் இல்லை. பணப் பரிசு வைத்து விளையாட விடுவதும், அடுத்தவர் உருவாக்கிய மேசையைக் காப்பியடித்து விற்பதும் வேறு கதை. அந்தப் பக்கம் போகாதீங்க.

தனியாளா இவ்வளவுமா?

கோவை அவிநாசி சாலை மேம்பாலத்துக்குப் பெயர் தந்த ஜி.டி. நாயுடுவை எடுத்துக்குங்க. 1893-ல் கலங்கலில் பிறந்தவர். வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் பைக்கைப் பார்த்து ஆசைப்பட்டு, ஹோட்டலில் சர்வர் வேலை பார்த்துக் காசு சேர்த்து, 300 ரூபாய்க்கு அதை வாங்கினார். வாங்கியதும் அவர் செய்தது, பைக்கைப் பாகம் பாகமாகப் பிரித்து மறுபடி பூட்டியதுதான். 1937-ல் பாலசுந்தரத்துடன் சேர்ந்து உள்நாட்டிலேயே மின் மோட்டார் உருவாக்கினார். கோவையை மோட்டார் ஊராக்கிய அந்தப் பயணம் பைக்கைப் பிரித்ததில் தொடங்கியது.

பின்பால் பெட்டியும் அப்படித்தான். சரிவுக் கணக்கு, கோடு, மரவேலை, வயரிங் எல்லாம் ஒரே பொருளில் கைக்கு வரும். வரிசையை மட்டும் மாற்றாதீங்க: முதலில் லேப்டாப்பில் கேம், பிறகு அட்டைப்பெட்டியில் பட்டன், அதன் பிறகு டிவி, மரம், கடைசியாகக் காயில்.

லேப்டாப்பில் விளையாடும்போதே 'இன்னொரு ஆட்டம்' என்று வீட்டுப் பிள்ளைகள் கேட்கிறார்களா? அப்போது பிளைவுட் கடைக்குப் போங்க. கேட்கவில்லையென்றால், கோடைத் திருத்துங்க. மரம் எங்கேயும் போயிடாதுங்க.