நோக்கியா போனா மிஞ்சுறது என்ன?

கனகம்மாசத்திரத்துல இருந்து திருவள்ளூர் போய் தெற்கே திரும்பினா ஸ்ரீபெரும்புதூர். 2006-ல அங்க நோக்கியா போன் தயாரிக்க ஆரம்பிச்சது. சுத்துப்பட்டு ஊர்கள்ல இருந்து கம்பெனி பஸ் ஏறினவங்கள்ல பலர் இளம்பெண்கள். வரிப் பிரச்சினை, கைமாற்றுச் சிக்கல்னு இழுத்து, 2014 நவம்பர் 1-ல உற்பத்தி நின்னது. பெரிய கம்பெனி கிளம்பினா ஊர்ல என்ன மிஞ்சும்?

இதை கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பார்க்க ஒரு வழி இருக்கு. நைஜல் கில்பர்ட், ஆண்ட்ரியாஸ் பைக்கா, பெட்ரா ஆர்வைலர் மூணு பேரும் 2001-ல ஒரு சிமுலேஷனை வெளியிட்டாங்க. அதுல இருந்து வளர்ந்ததுதான் ‘ஸ்கின்’ மாடல். அதுல ஒவ்வொரு கம்பெனியும் ஒரு குட்டி புரோகிராம். ஒவ்வொண்ணுகிட்டயும் கொஞ்சம் தொழிலறிவு. கூட்டாளிகிட்ட இருந்து கத்துக்கலாம். பயன்படுத்துற திறமை ஏறும். பயன்படுத்தாதது ஒவ்வொரு சுற்றுலயும் தேயும். பூஜ்ஜியமானா மறந்தே போகும்.

இந்தக் கண்ணோட ஸ்ரீபெரும்புதூரைப் பாருங்க. நோக்கியாவுக்கு சார்ஜர் செஞ்சுகொடுத்த சால்காம்ப், நோக்கியா போன பிறகும் நிலைச்சது. மூடிக்கிடந்த அந்த ஃபேக்டரியையே அது வாங்குறதா 2019-ல அறிவிப்பு வந்தது. வலையில பெரிய முடிச்சு அவிழ்ந்தும், பக்கத்து முடிச்சு நின்னுச்சு.

ஆனா லைன்ல நின்ன பொண்ணுங்க? நடுவுல 5 வருஷம். மாடல் எண்ணுறது கம்பெனிகளை. வேலை போய் ஊர் திரும்பினவங்க அதுல ஒரு புள்ளியாகூட இல்ல. அவங்க கைத்திறமையும் தேஞ்சுதான் இருக்கும்.

அதனால அடுத்த பெரிய கம்பெனிக்கு நிலமும் வரிச்சலுகையும் கொடுக்கும்போது, எத்தனை பேருக்கு வேலைன்னு மட்டும் கேட்டா பத்தாது. இங்க யாருக்கு, எதைக் கத்துக்கொடுப்பீங்கன்னும் கேட்கணும்.