ஒல்லாந்துக் கமக்காரரும் உருளைக்கிழங்கும்

ஒல்லாந்தர் என்றதும் யாழ்ப்பாணத்தவர்க்குக் கோட்டையும் தோம்பும் தேசவழமைச் சட்டமும் நினைவுக்கு வரும். மலைநாட்டுக் கமக்காரர்க்கோ வேறொன்று நினைவுக்கு வருதல் கூடும். அது விதைக்கிழங்கு. 1962 ஆம் ஆண்டில் ஒல்லாந்தில் வெளியிடப்பெற்ற டெசிரே என்னும் செந்தோல் உருளைக்கிழங்கு, நுவரெலியாப் பகுதியில் நெடுங்காலம் விரும்பிப் பயிரிடப்பட்டதொன்றாகும். அத்துணைச் சிறிய நாடு உலகின் பல பாகங்களுக்கும் விதைக்கிழங்கு வழங்கும் நிலையை எய்தியது எவ்வாறு? ஆராய்ச்சிக்கூடங்களின் திறமை என்பது பாதி விடையே. மற்றைப் பாதியைக் கமக்காரரின் வயல்களிலே தேடல் வேண்டும்.

1845 ஆம் ஆண்டுக் கோடையில் பெல்ஜியத்திலும் ஒல்லாந்திலும் உருளைக்கிழங்குச் செடிகளின் இலைகள் திடீரெனக் கருகத் தொடங்கின. சில நாட்களுள் வயல்கள் முழுவதும் நாறின. தோண்டியெடுத்த கிழங்கு கையிலேயே கூழாயிற்று. பங்கசு போன்ற ஒரு நுண்ணுயிரால் விளையும் இந்நோயை இன்று பின்வெளிறல் நோய் என்பர். அதனைத் தொடர்ந்த பஞ்சத்தில் அயர்லாந்தில் ஏறக்குறையப் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர் என்பது சரித்திரம் படித்தோர் அறிந்ததே. ஒல்லாந்தின் ஏழைகளும் கிழங்கையே நம்பி உயிர்வாழ்ந்தவர்கள்; அங்கும் பசியும் பிணியும் பலரைக் கொண்டுபோயின. அயர்லாந்தின் பெருந்துயர் அதனை மறைத்துவிட்டது.

நோய் அவ்வளவு விரைவில் பரவியதற்குக் காரணம் ஒன்றுண்டு. உருளைக்கிழங்கை நாம் வித்திட்டு வளர்ப்பதில்லை; கிழங்கையே நடுகிறோம். ஆகவே ஒரு வர்க்கத்தைச் சேர்ந்த செடிகள் யாவும் தம்முள் எவ்வித வேற்றுமையும் இல்லாதவை. ஒன்றை வீழ்த்தும் நோய் அனைத்தையும் வீழ்த்தும். ஆனால் அச்செடி பூத்துக் காய்ப்பதும் உண்டு. சிறு தக்காளி போன்ற அக்காயிலுள்ள வித்துக்களை முளைக்கவைத்தால், ஒவ்வொரு நாற்றும் வெவ்வேறு இயல்புடையதாய் வளரும். புது வர்க்கம் வேண்டுவோன் அங்கேதான் தேடவேண்டும். தேடுவதோ எளிதன்று. பல்லாயிரம் நாற்றுக்களைப் பத்தாண்டுகள் வரை சோதித்துக் கழித்த பின்னரே நல்லதொன்று கைக்கு வரும்.

பஞ்சத்திற்குப் பின்வந்த காலத்தில் இப்பணியில் இறங்கியவர் பெரும்பாலும் பட்டம் பெற்ற விஞ்ஞானிகளல்லர். குறோனிங்கன் மாகாணத்தைச் சேர்ந்த வேன்ஹைசன் என்பார் 1893 இல் ஐகன்ஹைமர் என்னும் புகழ்பெற்ற வர்க்கத்தை வெளியிட்டார். பிரீஸ்லாந்து மாகாணத்திலே சுவாமேர் என்னும் சிற்றூரில் தலைமையாசிரியராயிருந்த டி விறீஸ் என்பாரின் கதை இன்னும் சுவையானது. பாடசாலை அலுவல் முடிந்ததும் அவர் தோட்டத்துக்குச் சென்று பூவுக்குப் பூ மகரந்தம் மாற்றுவார். புதிய வர்க்கங்களுக்குத் தம் ஒன்பது பிள்ளைகளின் பெயர்களைச் சூட்டினார் என்றும், அப்பெயர்கள் தீர்ந்தபின் மாணவர் பெயர்களை எடுத்துக்கொண்டார் என்றும் கூறுவர். அவ்வாறு பின்ச்சே யான்ஸ்மா என்ற மாணவியின் பெயரைப் பெற்ற கிழங்கு 1910 இல் சந்தைக்கு வந்தது. ஒல்லாந்து, பெல்ஜியம், பிரான்ஸ் ஆகிய மூன்று நாடுகளிலும் அது பல தசாப்தங்கள் கொடிகட்டி ஆண்டது. 1976 இல் காலமான அம்மாது, தம் பெயர் ஐரோப்பாவின் சமையலறைகளிலெல்லாம் வழங்குவதைக் கண்ணாரக் கண்டவர்.

ஆனால் பின்ச்சே பின்வெளிறல் நோய்க்கு மிக எளிதில் இரையாவது! சுவையும் விளைவும் வடிவும் நன்றாயிருந்தமையால் கமக்காரரும் வியாபாரிகளும் அக்குறையைப் பொறுத்துக்கொண்டனர். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த நீரையும், பின்னர் வேறு மருந்துகளையும் தெளித்துத் தெளித்து அதனைக் காத்தனர். கமக்காரனைச் சேர்த்துக்கொண்டால் நோயெதிர்ப்பு தானே வந்துவிடும் என்று எண்ணுவோர் இதனை மறத்தல் ஆகாது. நோயோடு விலையையும் எண்ணிப் பார்க்கவேண்டியவன் அவன்.

தனித்தனியே உழைத்தோரை 1938 இல் நிறுவப்பெற்ற ஒரு குழு ஒன்றிணைத்தது. புதிய உருளைக்கிழங்கு வர்க்கங்களை உருவாக்குவதையும் ஆராய்வதையும் ஊக்குவித்தலே அதன் நோக்கம். 1941 இல், நாடு ஜெர்மனியரின் பிடியிலிருந்த வேளையில், புது வர்க்கத்தை உண்டாக்கியவர்க்கு அதன்மேல் உரிமை வழங்கும் சட்டவிதி பிறந்தது. இதன் முக்கியத்துவத்தை மிகைப்படுத்த இயலாது. ஒரு கமக்காரன் தான் தெரிந்தெடுத்த கிழங்கு பிரசித்தி பெற்றால் அதன் வருவாயில் பங்குபெறலாம் என்ற நிலை அதனாலேயே உறுதிப்பட்டது.

அதன் பயனாய் உருவாகிய முறை பின்வருமாறு. விதைக்கிழங்குக் கம்பனியார் தம் கண்ணாடி வீடுகளில் கலப்பைச் செய்து, அதிற் கிடைத்த சிறு கிழங்குகளைச் சில நூறாகவோ அதற்கு மேலாகவோ கமக்காரர்க்குக் கொடுப்பர். அவர் தம் சொந்த நிலத்தில் அவற்றை நட்டு, முதலாண்டிலேயே பெரும்பாலானவற்றைக் கழித்துவிடுவர். இலை எப்போது கருகுகிறது, கிழங்கின் கண் ஆழமானதா, தோல் வெடிக்கிறதா, கொடியிலே கிழங்கு நெருங்கிக் கிடக்கிறதா, பரந்து ஓடுகிறதா என்றெல்லாம் நோக்குவது அவர் கண். மூன்று நான்கு ஆண்டுகள் கடந்து எஞ்சிய சிலவே பல இடங்களிற் சோதனைக்காகக் கம்பனிக்குத் திரும்பும். மண்ணும் மழையும் வேறுபட்ட வயல்களிலே ஒரே காலத்தில் தேடுதல் நடைபெறுவதால், ஒரு நிலையத்தின் தோட்டத்திற் பிழைத்தது மட்டும் நல்லதென்று ஏமாற இடமில்லை. ஒல்லாந்தின் புதிய வர்க்கங்களில் ஏறக்குறையப் பாதி இவ்வாறு கமக்காரர் கைப்பட்டு வந்தவை.

எனினும் கமக்காரரால் தனித்துச் செய்ய இயலாத காரியமும் உண்டு. மெக்சிக்கோவிலுள்ள காட்டுக் கிழங்கினமொன்றிலிருந்து பெற்ற எதிர்ப்புச் சக்தியை நோய்க்கிருமி தன் புது வடிவங்களால் முறியடித்துவிட்டது. வேறொரு மெக்சிக்கோ இனம் வலிய எதிர்ப்புடையது. ஆயினும் நாட்டுக் கிழங்கோடு அது நேரே கலப்பதில்லை. வாகனிங்கன் விஞ்ஞானிகள் இடையில் வேறு காட்டினங்களைப் பாலமாக வைத்து அதனைக் கலந்தனர். அதன் சந்ததி வாயில் வைக்கத்தக்க கிழங்காக மாற நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் அவ்வழியில் பயோனிக்கா என்னும் வர்க்கம் வெளிவந்தபோது, இறுதித் தெரிவைச் செய்திருந்தவர் ஒரு கமக்காரரே.

2009 இல் வாகனிங்கன் சர்வகலாசாலையும் லூயி பொல்க் ஆராய்ச்சி நிலையமும் பயோஇம்பல்ஸ் என்ற திட்டத்தைத் தொடக்கின. மருந்து தெளியாது இயற்கை முறையிற் பயிரிடுவோர்க்கு நோய் தாங்கும் கிழங்கைத் தேடித்தருவது அதன் குறிக்கோள். எதிர்ப்புச் சக்திகள் பலவற்றை ஒரே கிழங்கிற் சேர்க்க முயன்ற அதே வேளையில், கமக்காரர்க்குக் கலப்பும் தெரிவும் கற்பிக்கும் வகுப்புக்களையும் அவர்கள் நடத்தினர். பின்ச்சேயின் வரலாறு அவர்களுக்கு நினைவிருந்தது போலும்! 2017 இல் கைச்சாத்தான உடன்படிக்கையொன்றில், வர்க்கங்களை உருவாக்குவோரோடும் பயிரிடுவோரோடும் பெரிய கடைக்காரரும் ஒப்பமிட்டனர். இயற்கை முறையில் விளைந்த உருளைக்கிழங்கில் நோய் தாங்கும் வர்க்கங்களுக்குத் தம் கடைகளில் இடமளிப்பதாக அவர்கள் வாக்களித்தனர்.