தருமம் என்னும் சொல் நடந்த வழி

மனிதனையும் சமுதாயத்தையும் அரசையும் உள்ளிருந்து நடத்துகின்ற நம்பிக்கைகளுக்கு நம் மொழிகளில் பெயர்கள் பல உண்டு. கொள்கை, கோட்பாடு, நெறி, அறம் என்று நாம் வழங்கும் சொற்கள் ஒன்றின் இடத்தில் மற்றொன்று நிற்கக் கூடியவை போலத் தோன்றும். ஆயினும் பொருளால் வேறுபட்டவை. மனம் ஏற்றுக்கொண்டது கொள்கை. ஆராய்ந்து வகுக்கப்பெற்று நிலைபெற்றது கோட்பாடு. நடந்து செல்வதற்குரிய வழி நெறி. ஒருவர் கொண்டாலும் கொள்ளாவிட்டாலும் கடமையாக நிற்பது அறம். நம் அரசியலமைப்பின் நான்காம் பகுதியை 'அரசுக் கொள்கையை நெறிப்படுத்தும் கோட்பாடுகள்' என்று தமிழில் கூறும்போது, முதல் மூன்று சொற்களும் ஒரே தொடரில் தத்தம் இடத்தில் அமைகின்றன. காலத்துக்கேற்ப அரசு வகுப்பது கொள்கை. அதனை வழிநடத்துவது கோட்பாடு. இவற்றை இடம் மாற்றி வைப்பின் சட்டத்தின் கருத்தே மாறிவிடும்.

இச்சொற்களுள் மிக நீண்ட வழி நடந்தது தருமம். இதன் வரலாற்றில் இரண்டு கட்டங்களை இங்கே காண்போம்.

கலிங்கப் போர் நிகழ்ந்தது ஏறத்தாழக் கி.மு. 261-இல். அப்போரில் ஓரிலட்சம் பேர் மாண்டனர் என்றும், ஒன்றரை இலட்சம் பேர் நாடு கடத்தப்பட்டனர் என்றும் அசோகரே தம் பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டில் கூறுகின்றார். அதன்பின் அவர் நாடெங்கும் பரப்ப முனைந்தது 'தம்மம்'. அது யாது? இரண்டாம் தூண் கல்வெட்டில் அவரே இவ்வினாவை எழுப்பி விடை தருகின்றார்: தீமை குறைதல், நன்மை மிகுதல், இரக்கம், ஈகை, வாய்மை, தூய்மை. தோப்ராவிலிருந்து பிரோஸ் ஷா துக்ளக் கொண்டுவந்து தில்லியில் நிறுவிய தூணில் இவ்விடை இன்றும் பொறித்த நிலையில் உள்ளது. எந்தத் தெய்வத்தை வணங்க வேண்டும் என்பது பற்றி இவ்விடையில் ஒரு சொல்லும் இல்லை.

இதனைப் பிறமொழியாளருக்கு எவ்வாறு உரைப்பது? ஆப்கானிஸ்தானத்தின் காந்தகாரில் 1958-இல் வெளிப்பட்ட இருமொழிக் கல்வெட்டு அதனைக் காட்டுகின்றது. கிரேக்கத்தில் தம்மத்துக்கு 'யூசெபெயா' என்ற சொல் ஆளப்பட்டது. தெய்வத்துக்கும் பெரியோருக்கும் உரிய பயபக்தி என்பது அதன் பொருள். அரமேயத்திலோ 'உண்மை' எனப் பொருள்படும் சொல் ஆளப்பட்டது. ஒரே மன்னனின் ஒரே கருத்து, ஒரே பாறையில் ஒரு மொழியில் பக்தியாகவும் மற்றொரு மொழியில் வாய்மையாகவும் நிற்கின்றது. மொழிபெயர்த்தவர்கள் பிழை செய்தனர் என்று நாம் கருதவில்லை. தருமத்தின் அகலம் முழுவதையும் தாங்கும் சொல் அம்மொழிகளில் இல்லை என்பதே உண்மை.

சமயப் பிரிவுகளைக் குறிக்க அசோகர் வேறொரு சொல்லை வைத்திருந்தார். அது 'பாசண்டம்'. தன் பிரிவைப் புகழ்ந்து பிறர் பிரிவை இகழ்பவன் தன் பிரிவுக்கே கேடு செய்கிறான் என்று பன்னிரண்டாம் பாறைக் கல்வெட்டில் அவர் எச்சரித்தபோது, இச்சொல்லில் இழிவின் நிழலும் இல்லை. கிரேக்க மொழிபெயர்ப்பிலும் சிந்தனைப் பள்ளிகளைக் குறிக்கும் சொல்லே இதற்கு ஈடாக அமைந்தது. சிலப்பதிகாரத்தில் பாசண்டச் சாத்தன் ஒரு தெய்வத்தின் பெயர். பின்னாளில் வடமொழியில் இச்சொல் வேதநெறிக்குப் புறம்பானவர்களைச் சுட்டும் வசையாயிற்று. இந்தியில் 'பாகண்ட்' என்றால் இன்று போலி வேடம். பிறரை இகழாதீர் என்ற அறிவுரையைத் தாங்கி வந்த சொல்லே இகழ்ச்சிச் சொல்லாக மாறியது வருந்தத்தக்க விந்தை.

தருமம் என்ற சொல்லும் குறுகாமல் இல்லை. தமிழ்ப் பேச்சு வழக்கில் அது பெரும்பாலும் ஏழைக்கு இடும் பிச்சையாகச் சுருங்கிற்று. இந்தி வழக்கில் சமயம் என்ற பொருளுக்குள் ஒடுங்கிற்று. இக்குறுக்கம் நம் காலத்தில் ஒரு சட்டச் சிக்கலாகவே எழுந்தது.

1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கே. டி. ஷா, 'செக்யூலர்' என்ற சொல்லை அரசியலமைப்பில் சேர்க்கக் கோரினார்; சபை அதனை ஏற்கவில்லை. 1976-இல் நிறைவேறிய 42-ஆம் திருத்தத்தால் அச்சொல் முகப்புரையில் இடம்பெற்றது. இந்தியில் 'தர்ம நிரபேட்சம்' என்ற தொடர் பலர் நாவிலும் வழங்கி வந்தது. ஆனால் 1987-இன் 58-ஆம் திருத்தத்தின் பயனாக வெளிவந்த அதிகாரபூர்வமான இந்திப் பதிப்பு, 'பந்த நிரபேட்சம்' என்றே முகப்புரையில் கூறுகின்றது. பந்தம் என்பது இங்கே கட்டு அன்று. ஒரு கூட்டத்தார் பின்பற்றும் வழி. அரசு எந்த வழியினரையும் சாராது. தருமத்தையே சாராது என்று அது கூறவில்லை. சாரநாத்தின் தருமச் சக்கரத்தை 1947 ஜூலை 22 அன்று கொடியில் ஏற்ற நாட்டுக்கு இவ்வேறுபாடு சிறிதன்று. பழைய தொடரை வழங்குவோரும் அறத்தைக் கைவிடச் சொல்பவர் அல்லர். பேச்சில் தருமம் சமயமாகிவிட்டதால் அவ்வாறு கூறுகின்றனர். ஆயினும் சட்டத்தின் சொல், பேச்சின் சொல்லைவிட நெடுநாள் வாழ வேண்டியது.

தமிழில் இத்தொல்லை நமக்கு இல்லை. அறம் வேறு, சமயம் வேறு என்று இரு சொற்கள் இருத்தலால் 'சமயச் சார்பற்ற' என்று தயங்காமல் கூறுகிறோம். அதே முகப்புரையில் இந்தி 'சமாஜவாதி' என்னுமிடத்தில் நாம் 'சமதருமம்' என்கிறோம். 'செக்யூலர்' என்பதற்கான தொடரில் இந்தி தருமத்தை விலக்கிய முகப்புரையில் தமிழ் அதனை வேறோர் இடத்தில் வரவேற்றது! அங்கே தருமம் பிச்சையும் அன்று, சமயமும் அன்று. எல்லார்க்கும் ஒத்த நீதி. தூணில் அசோகர் பொறித்த பழைய அகலத்தின் ஒரு கூறு அச்சொல்லில் இன்னும் உயிரோடு இருக்கின்றது. அதனைக் குறுகவிடாமல் காப்பது சட்டம் எழுதுவோர்க்கு மட்டும் உரிய பணி அன்று. நாள்தோறும் அச்சொல்லைப் பேசும் நம் அனைவர்க்கும் உரியது.