எண்ணெய்த் திமிங்கிலங்களின் குடும்பமும் குலமும்

எண்ணெய்த் திமிங்கிலம் குடும்பமாக வாழும் பிராணி என்னும் செய்தியை உலகுக்கு முதன்முதலில் விரிவாக எடுத்துரைத்தவர்கள், அதனை வேட்டையாடிய கப்பல்களில் சென்றவர்களே. ஆய்வுக்கூடத்தில் பிறந்த செய்தி அன்று அது. எண்ணெயும் குருதியும் தோய்ந்த கப்பல் தளத்தில் பிறந்தது. அதில் மெய் எவ்வளவு, பொய் எவ்வளவு என்பது தெளிய நூற்றைம்பது ஆண்டுகள் ஆயின. அந்த வரலாற்றைச் சிறிது கூறலாம்.

'திமி' என்னும் பெருமீனையும் விழுங்க வல்லது என்பதனால் வடமொழியார் திமிங்கிலம் என்று பெயரிட்டனர். ஆனால் அது மீனினத்தைச் சேர்ந்ததன்று. நுரையீரலால் மூச்சுவிட்டுக் குட்டிக்குப் பாலூட்டும் விலங்கினம். அவ்வினத்துள் எண்ணெய்த் திமிங்கிலம் தனித்தன்மை வாய்ந்தது. அதன் உடலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தலையே. அத்தலையினுள் மெழுகு போன்ற வெண்ணிற எண்ணெய் நிறைந்திருக்கும். அதனை விந்து என மயங்கிய பழைய மாலுமிகள் ஆங்கிலத்தில் 'ஸ்பெர்ம்' திமிங்கிலம் என்று அழைக்க, அப்பிழையே பெயராக நிலைத்துவிட்டது. வளர்ந்த ஆண் பதினாறு மீட்டர் நீளமும் நாற்பது டன்னுக்கு மேற்பட்ட எடையும் கொண்டது. பெண் பதினொரு மீட்டர் நீளமும் ஏறத்தாழ பதினைந்து டன் எடையுமே உடையது. ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையேயுள்ள இந்தப் பெரும் வேறுபாடு பின்னர் ஒரு தவறான கருத்துக்கு வித்திட்டது.

பதினெட்டாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் கீழ்க்கரையிலுள்ள நான்டக்கெட் என்னும் சிறு தீவினர் இத்திமிங்கிலத்தின் எண்ணெயால் செல்வம் சேர்த்தனர். புகையும் நாற்றமும் இன்றி எரியும் மெழுகுவர்த்திக்கும், பின்னர் நூற்பாலை இயந்திரங்களுக்கும் அந்த எண்ணெய் வேண்டப்பட்டது. அட்லாண்டிக்கில் திமிங்கிலங்கள் அருகவே, லண்டனிலிருந்து புறப்பட்ட 'எமிலியா' என்னும் கப்பல் 1789-ஆம் ஆண்டில் தென்னமெரிக்காவின் தென்கோடியைச் சுற்றிக்கொண்டு பசிபிக் சமுத்திரத்தில் நுழைந்தது. அதன் பின் முப்பது ஆண்டுகளுக்குள் ஜப்பானுக்கு அப்பாலுள்ள கடல்வரை வேட்டைக் கப்பல்கள் பரவின. ஒரு பயணம் மூன்று, நான்கு ஆண்டுகள் நீடிக்கும். அக்கப்பல்களுள் சிலவற்றில் மருத்துவர்களும் சென்றனர். கடலையும் வானத்தையும் பார்த்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் காலங்கழித்த அம்மருத்துவர்களுள் இருவர் நமக்கு நல்ல நூல்களை விட்டுச் சென்றுள்ளனர்.

ஒருவர் தாமஸ் பீல். எண்ணெய்த் திமிங்கிலத்தின் இயற்கை வரலாற்றை 1839-இல் நூலாக வெளியிட்டார். மற்றவர் பிரெடரிக் பென்னெட். 1833 முதல் 1836 வரை தாம் சென்ற வேட்டைப் பயணத்தைப் பற்றி 1840-இல் நூல் வெளியிட்டார். பெண் திமிங்கிலங்கள் குட்டிகளோடு கூட்டமாகத் திரிவதையும், கூட்டத்துள் ஒன்று ஈட்டி பட்டால் ஏனையவை ஓடிவிடாமல் அதனைச் சூழ்ந்து நிற்பதையும் பீல் தெளிவாக விவரித்துள்ளார். குட்டி காயமுற்றால் தாய் விலகாது. தாய் காயமுற்றால் தோழியரும் விலகமாட்டார்கள். இந்தப் பண்பை அவர் வியந்து போற்றுகிறார். அடுத்த வரியிலேயே, இப்பண்பின் பயனாகத் திறமையுள்ள படகோட்டிகள் ஒரே இடத்தில் பல திமிங்கிலங்களைக் கொன்றுவிடலாம் என்று தொழில் நுணுக்கமும் கூறுகிறார். அன்பை அறிந்துகொண்ட கண்ணும் ஆதாயத்தைக் கணக்கிட்ட கண்ணும் ஒன்றாகவே இருந்தன. 1851-இல் வெளிவந்த 'மோபி டிக்' என்னும் நாவலில் ஹெர்மன் மெல்வில் இக்கூட்டங்களுக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். அவரும் வேட்டைக் கப்பலில் பணியாற்றியவரே.

கண்ணால் கண்டதைச் செவ்வையாக எழுதிய இவர்கள், அதற்குப் பொருள் கூறும்போதுதான் வழி தவறினர். பெண்களின் கூட்டத்தினிடையே எப்போதாவது ஒரு பேருருவ ஆண் காணப்படும். அவனே தலைவன், பெண்கள் யாவரும் அவனுடைய அந்தப்புரத்தினர் என்று மாலுமிகள் முடிவுகட்டினர். கூட்டத்துக்குப் 'பள்ளி' என்று பெயர். எனவே அந்த ஆண் 'பள்ளி ஆசிரியர்' ஆனார்! கீழை நாட்டுச் சுல்தான்களைப் பற்றி அக்காலத்தில் ஐரோப்பாவில் வழங்கிய கதைகளும் இதற்குத் துணை செய்தன போலும்.

உண்மை இதற்கு நேர்மாறானது. இது புலப்படுவதற்கு, கொல்லாமல் பார்க்கும் முறை ஒன்று தோன்ற வேண்டியிருந்தது. 1979-இல் சர்வதேசத் திமிங்கில வேட்டைக் குழு இந்து மகா சமுத்திரத்தைத் திமிங்கிலங்களின் புகலிடமாக அறிவித்தது. அதனையொட்டி, 1980-களின் தொடக்கத்தில் 'டியூலிப்' என்னும் சிறிய பாய்மரக் கப்பலில் ஹால் வைட்ஹெட் முதலிய ஆராய்ச்சியாளர்கள் இலங்கைக் கடலுக்கு வந்தனர். தமிழர்க்கு நன்கு அறிமுகமான திருகோணமலையின் கடற்பரப்பிலேதான் அவர்களுடைய பணியின் பெரும் பகுதி நடைபெற்றது. நீருக்கடியில் ஒலிவாங்கியை இறக்கி, திமிங்கிலங்களின் ஓசையைப் பின்பற்றி இரவும் பகலும் தொடர்ந்து சென்றனர். மூழ்குவதற்கு முன் திமிங்கிலம் தன் வாலை உயர்த்தும்போது புகைப்படம் எடுத்தனர். வால் விளிம்பிலுள்ள வெட்டும் பிளவும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி, நம் கைரேகை போல. 1983-இல் திருகோணமலைக்கு அப்பால் ஒரு குட்டி பிறந்ததையும் அவர்கள் நேரில் கண்டனர். பின்னர் 1985 முதல் பசிபிக்கிலுள்ள கலபகோஸ் தீவுகளைச் சூழ்ந்த கடலில் இம்முறையே தொடர்ந்தது.

ஆண்டுகள் பல கடந்தும் அதே பெண்கள் அதே தோழியருடன் காணப்பட்டனர். பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட குடும்பம்: பாட்டி, அவள் மகளிர், அம்மகளிரின் குட்டிகள். பெண் குழந்தை பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் தாயுடனேயே தங்குகிறது. எழுபது வயதைக் கடந்து வாழும் பெண்களும் உண்டு. ஆண் குழந்தையோ பத்து வயதை ஒட்டி வீட்டை விட்டுப் புறப்பட்டு, தன்னை ஒத்த இளைஞர்களோடு சிறிது காலம் திரிந்து, வயது ஏற ஏறத் தனியனாகித் துருவத்தை அடுத்த குளிர்கடல்வரை செல்கிறது. இருபத்தைந்து வயதைக் கடந்த பின்னரே மணம் நாடி வெப்பக் கடலுக்குத் திரும்புகிறது. திரும்பினாலும் ஒரு கூட்டத்தில் சில மணி நேரம், மிஞ்சினால் சில நாள் தங்கிவிட்டு வேறு கூட்டத்தைத் தேடிப் போய்விடும். 'பள்ளி ஆசிரியர்' உண்மையில் வந்துபோகும் விருந்தாளி! வீடு பெண்களுடையது.

ஆங்கிலத்தில் 'ஆன்ட்' என்னும் ஒரே சொல்லால் பெரியம்மா, சின்னம்மா, அத்தை, மாமி அனைவரையும் குறித்துவிடுவார்கள். மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ளோர்க்கு இதனால் நேரும் இடர் சொல்லி மாளாது. இத்திமிங்கிலங்களைப் பற்றி எழுதும்போது அவ்விடர் இல்லை. தங்குபவர் தாய்வழிப் பெண்களே ஆதலால் பெரியம்மாவும் சின்னம்மாவும் பாட்டியுமே அங்கு உண்டு. அத்தைக்கு அவ்வீட்டில் இடமில்லை. ஆயினும் எல்லாக் கடலிலும் ஒரே நெறி என்று கொள்ளலாகாது. கரீபியன் கடலில் குடும்பம் பெரும்பாலும் ஒரே தாயின் வழிவந்தது. கலபகோஸ் பகுதியில் இரண்டு, மூன்று தாய்வழிகள் சேர்ந்து ஒரு குடும்பமாகப் பல ஆண்டுகள் வாழ்வதையும் கண்டுள்ளனர்.

இவ்வாறு கூடி வாழ்வதன் காரணம் குழந்தை வளர்ப்பே என்று கருதுகிறார்கள். தாயின் உணவு கணவாய். அது கிடைப்பது நானூறு மீட்டருக்கும் கீழே, சில வேளை ஆயிரம் மீட்டருக்கும் அப்பால். முக்கால் மணி நேரம் மூச்சடக்கி அவள் அங்கே செல்ல வேண்டும். பச்சிளங் குட்டியால் அவ்வளவு ஆழம் தொடர முடியாது. அது மேற்பரப்பில் தனியே நின்றால் சுறாவுக்கும் ஓர்க்கா என்னும் கொலைத் திமிங்கிலத்துக்கும் இரையாகும். ஆகவே குட்டியுள்ள குடும்பத்தில் பெண்கள் எல்லாரும் ஒரே வேளையில் மூழ்குவதில்லை. ஒருவர் மேலே வர ஒருவர் கீழே செல்கின்றனர். தாயல்லாத பெண் பாலூட்டுவதும் காணப்பட்டுள்ளது. பதினைந்து மாத அளவு கருவைச் சுமந்து, நான்கு முதல் ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறையே ஈனும் இனத்துக்கு ஒவ்வொரு குட்டியும் அரிய செல்வம்.

பகைவர் நெருங்கினால் இக்குடும்பம் வட்டமாக வகுத்துக்கொள்கிறது. தலைகள் நடுவே, வால்கள் வெளியே, மலரின் இதழ்களைப் போல. 1997-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள், கலிபோர்னியாக் கரையிலிருந்து 130 கிலோமீட்டர் தொலைவில் ஒன்பது எண்ணெய்த் திமிங்கிலங்களை ஏறத்தாழ 35 ஓர்க்காக்கள் தாக்கியதை ஆராய்ச்சியாளர்கள் நான்கு மணி நேரம் பார்த்தனர். வட்டத்திலிருந்து ஒன்றைப் பகைவர் இழுத்துப் பிரித்தபோதெல்லாம், பாதுகாப்பாக இருந்த ஒன்றிரண்டு வெளியே வந்து, காயமுற்றதன் இருபுறமும் அணைந்து, வட்டத்துக்குள் அழைத்துச் சென்றன. அவ்வாறு வெளிவந்தவையே அடுத்துக் கடிபட்டன. ஒன்று இறந்தது, எஞ்சியவையும் கடுங்காயம் அடைந்தன. போரில் தோற்றும் குடும்பம் கலையவில்லை.

பல்லால் கடிக்கும் பகைவனை எதிர்க்க வகுத்த இவ்வட்டம், தொலைவிலிருந்து ஈட்டி எறிவோனுக்குப் பெரு வாய்ப்பாயிற்று. ஒரே இடத்தில் அசையாது நிற்கும் கூட்டத்தைவிட வேடனுக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் கதை இத்துடன் முடியவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்க வேட்டைக் கப்பல்களின் நாட்குறிப்புகளை வைட்ஹெட், டிம் ஸ்மித், லூக் ரெண்டல் ஆகிய மூவர் ஆராய்ந்து 2021-இல் முடிவை வெளியிட்டனர். வட பசிபிக்கில் ஒரு பகுதியில் வேட்டை தொடங்கிய இரண்டரை ஆண்டுக்குள், கண்ட திமிங்கிலத்தை ஈட்டியால் எறிந்து பிடிப்பதில் மாலுமிகள் பெற்ற வெற்றி 58 விழுக்காடு குறைந்துவிட்டதாம். முதலில் வந்த மாலுமிகள் பின்வந்தோரைவிடக் கைதேர்ந்தவர்கள் என்பதற்குச் சான்றில்லை. ஈட்டியின் சுவையை அறிந்து தப்பியவை மட்டும் எச்சரிக்கை அடைந்தன என்று கொண்டாலும் இவ்வளவு விரைவு பொருந்தாது. அறிந்தவை அறியாதவற்றுக்கு வழிகாட்டியிருக்க வேண்டும் என்பதே அவர்கள் துணிபு. வட்டம் வகுப்பதை விட்டுக் காற்றுக்கு எதிர்த்திசையில் விரைந்தன; பாயை நம்பிய கப்பல் அத்திசையில் தொடர இயலாது. கூட்டமாய் நின்று மடியச் செய்த அதே சுற்றம், தப்பும் வழியையும் கூட்டமாகவே பரப்பிற்று என்பது இவ்வாராய்ச்சியில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி.

ஒன்றுக்கொன்று அறிவிக்க அவற்றுக்கு ஒலி உண்டு. சுத்தியலால் தட்டுவது போன்ற ஓசை கப்பலின் அடித்தளத்தின் வழியே கேட்பதை மாலுமிகள் முன்பே அறிந்திருந்தனர். 'தச்சன் மீன்' என்று ஒன்றைக் கற்பித்து அதற்கு உரியதாகவும் கூறினர். 1957-இல்தான் அவ்வோசை எண்ணெய்த் திமிங்கிலத்துடையது என்று அறிவியல் ஏடு பதிவு செய்தது. 1977-இல் வில்லியம் வாட்கின்ஸ், வில்லியம் ஷெவில் இருவரும், ஒரு குறிப்பிட்ட தாளத்தில் அமைந்த தட்டொலித் தொகுதிகளைக் கண்டு அவற்றுக்குக் 'கோடா' என்று பெயரிட்டனர். 2003-இல் ரெண்டலும் வைட்ஹெட்டும், இத்தாளம் குடும்பத்துக்கு மேற்பட்ட பெரியதொரு பிரிவின் அடையாளம் என்று காட்டினர். அப்பிரிவைக் குலம் என்று கூறலாம். கலபகோஸ் கடலில் ஒரு குலத்தார் ஒரே சீரான இடைவெளியில் தட்டுவர்; மற்றொரு குலத்தார் இறுதித் தட்டுக்கு முன் சற்று நிறுத்துவர். ஒரே கடலில் நீந்தினாலும் ஒரு குலக் குடும்பம் வேற்றுக் குலத்தோடு கூடுவதில்லை. இரை தேடும் பாதையும் வேறு. எல் நினோ என்னும் வெப்பநீரோட்டம் கடலைக் கெடுத்த காலத்தில் அனைவர்க்கும் இரை குறைந்தது; ஆயினும் ஏனைய காலங்களில் பின்தங்கிய குலமே அப்போது மேல்நிலையில் இருந்தது. பழக்கத்தின் வேற்றுமை உயிர் காக்கும் வேற்றுமையும் ஆகலாம். டொமினிக்காத் தீவை அடுத்துப் பதிவான 8,719 கோடாக்களை ஆராய்ந்து, அவற்றில் எழுத்துகளின் சேர்க்கை போன்ற அமைப்பு உளது என 2024-இல் ஒரு குழுவினர் வெளியிட்டனர். அதனை இப்போதே மொழி என்று முழங்குவது அவசரம். ஒலியின் அமைப்பு வேறு, பொருள் வேறு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கற்ற பாடம் இருபதாம் நூற்றாண்டில் பயன்படவில்லை. இயந்திரக் கப்பலும் வெடியீட்டியும் காற்றின் திசையைப் பொருட்படுத்தவில்லை. 1963-64-ஆம் ஆண்டில் மட்டும் 29,000-க்கு மேற்பட்ட எண்ணெய்த் திமிங்கிலங்கள் கொல்லப்பட்டதாக அதிகாரபூர்வமான கணக்கே கூறுகிறது. சோவியத் கப்பல்கள் விதியை மீறிப் பெண்களையும் குட்டிகளையும் கொன்று பொய்க்கணக்கு எழுதியதை 1990-களில் ருஷ்ய விஞ்ஞானிகளே வெளிப்படுத்தினர். பழைய அந்தப்புரக் கருத்தும் இங்கே தீங்கு செய்தது. ஒரு தலைவன் பல பெண்களுக்குப் போதுமாயின் எஞ்சிய ஆண்கள் உபரிதானே? அவ்வாறு கணக்கிட்டு ஆண்களைப் பெருவாரியாகப் பிடிக்க அனுமதித்தனர். தென்னமெரிக்கக் கரையோரம் பேராண்கள் அருகிய பின், கலபகோஸ் பகுதியில் குட்டிகளின் எண்ணிக்கை மிகக் குறைந்திருந்ததை வைட்ஹெட் குழுவினர் கண்டனர். அங்கே 1980-களில் இருந்த இரு குலங்களும் 1990-களில் மறைந்து போயின. சில ஆண்டுகளுக்குப் பின் வேறு தாளம் தட்டும் வேறு இரு குலங்கள் அக்கடலில் குடியேறின.

வாணிபத்துக்கான வேட்டையை நிறுத்துவதென 1982-இல் சர்வதேசக் குழு தீர்மானித்து, அது 1986-இல் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் கரீபியன் கடலில், 2005 முதல் ஷேன் ஜெரோ என்பவர் பெயரிட்டுத் தொடர்ந்து அறிந்துவரும் குடும்பங்கள் சுருங்கியே வருகின்றன. பதினாறு குடும்பங்களில் பன்னிரண்டு குறைந்துவிட்டதாக 2016-இல் அவர் அறிவித்தார். இப்போது ஈட்டி இல்லை. கப்பல் மோதலும் மீன்வலையும் உள்ளன. 2023 நவம்பரில் டொமினிக்கா அரசாங்கம் தன் மேற்குக் கரையில் ஏறத்தாழ 800 சதுர கிலோமீட்டர் கடலை இத்திமிங்கிலங்களுக்கென ஒதுக்குவதாகவும், பெருங்கப்பல்கள் அங்கே குறித்த வழியில் மெதுவாகச் செல்ல வேண்டுமெனவும் அறிவித்தது. அதே ஆண்டு ஜூலையில் அத்தீவின் அருகே ஒரு குட்டி பிறந்தபோது, பதினொரு திமிங்கிலங்கள் சூழ்ந்திருந்ததை ஆராய்ச்சியாளர்கள் படம் பிடித்துள்ளனர்.