வெள்ளியைத் தேடியவர்களும் செம்பைக் கண்டவர்களும்

நிலத்தின் மேல் தெரிவதைக் கொண்டு நிலத்தடியில் இருப்பதை உய்த்துணர்வதே கனிமத் தேடலின் முதற்படி. சிதைந்த கல்வெட்டின் எஞ்சிய இரண்டு வரிகளைக் கொண்டு ஒரு காலத்தையே கட்டியெழுப்ப முயலும் நமக்கு இது அந்நியமான பணியன்று. மேற்பரப்பின் சான்று எந்த அளவுக்கு உண்மை பேசும் என்பதற்கு, அமெரிக்காவின் இன்றைய மொன்டானா மாநிலத்திலுள்ள பியூட் மலையின் வரலாறு நல்லதோர் எடுத்துக்காட்டு.

1864-இல் இம்மலையடிவாரத்து சில்வர் போ ஓடையின் மணலில் பொன் துகள்கள் கிடைத்தன. சில ஆண்டுகளில் அவை தீர்ந்துபோக, வந்தவர்களுள் பெரும்பாலோர் வெளியேறினர். 1875-இல் வெள்ளித் தாது கவனத்துக்கு வந்ததும் மலை மீண்டும் உயிர்பெற்றது. அக்காலத்தில் மைக்கேல் ஹிக்கி என்னும் முன்னாள் போர்வீரர் ஒரு நிலத்துக்கு உரிமை கோரி, அதற்கு 'அனகோண்டா' என்று பெயரிட்டார். உள்நாட்டுப் போரில் எதிரியை வளைத்த படையை அப்பாம்புக்கு ஒப்பிட்ட ஒரு நாளிதழ்க் கட்டுரையே அப்பெயருக்குக் காரணம் என்பர்.

அடுத்த ஆண்டு அங்கு வந்தார் மார்கஸ் டேலி. அயர்லாந்தில் பிறந்து, சிறுவயதிலேயே அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, சுரங்கங்களிலேயே தொழில் பயின்றவர். 1880-இல் அவர் அனகோண்டாவை 30,000 டாலருக்கு வாங்கினார். ஜார்ஜ் ஹெர்ஸ்ட், ஹாகின், டெவிஸ் ஆகிய மூவரும் முதலீடு செய்தனர். அனைவரும் எதிர்பார்த்தது வெள்ளியைத்தான்.

1882-இல், சுமார் 300 அடி ஆழத்தில், வளமான செம்புத் தாது வெளிப்பட்டது. சால்கோசைட் எனப்படும் அக்கனிமத்தின் எடையில் ஏறத்தாழ 80 விழுக்காடு செம்பு. மேற்பகுதியில் மட்டும் அது ஏன் இல்லை? மழைநீரும் காற்றும் கந்தகத் தாதுக்களைச் சிதைக்க, அமிலம் உண்டாகிறது. அமிலம் செம்பைக் கரைத்துக் கீழே கொண்டுசெல்கிறது. நிலத்தடி நீர்மட்டத்தை ஒட்டி அது மீண்டும் படிந்து செறிவடைகிறது. மேலே எஞ்சியது வெள்ளியும் துருவேறிய பாறையுமே. மேற்பரப்பு பொய் சொல்லவில்லை, பாதியைத்தான் சொன்னது.

பியூட்டில் செம்பு உண்டென்பது முன்பே அறிந்த செய்திதான். ஆனால் உருக்காலையும் ரயிலும் இல்லாத மலையில் அதனால் பயன் குறைவு. 1881 டிசம்பரில் ரயில் வந்தது. 1882 செப்டம்பரில் எடிசனின் மின்நிலையம் நியூயார்க்கில் இயங்கத் தொடங்கியது. மின்கம்பிக்குச் செம்பு வேண்டியிருந்தது. தொடக்கத்தில் தாது வேல்ஸ் நாட்டின் சுவான்சி வரை உருக்குவதற்கு அனுப்பப்பட்டது. 1884-இல் டேலியின் சொந்த உருக்காலையே எழுந்தது. சுரங்கம் வற்றிவிட்டதாக நடித்து அவர் அண்டை நிலங்களை மலிவாக வாங்கினார் என்றொரு கதையும் உண்டு. அதைக் கதையாகவே கொள்வோம்.

1955-இல் இம்மலையில் பெர்க்லி திறந்தவெளிச் சுரங்கம் தோண்டப்பட்டது. 1982-இல், செம்பு வெளிப்பட்டுச் சரியாக நூறாண்டுகள் கழித்து, அங்கே பணியும் நின்றது. நிலத்தடி நீரிறைப்பும் நின்றது. குழி நிரம்பலாயிற்று. 1995-இல் அந்நீரில் இறங்கிய பனி வாத்துகள் 342 இறந்தன; 2016-இல் 3,000-க்கும் மேல். அவற்றைக் கொன்றது எது? காற்றும் நீரும் கந்தகத் தாதுவும் கூடிய அதே அமிலம். அதில் கரைந்த அதே செம்பும் பிற உலோகங்களும். மலைக்குள் செல்வத்தைச் சேர்த்த வேதிவினையே குழிக்குள் நஞ்சையும் சேர்த்தது.

2019 முதல் அந்நீர் இறைக்கப்பட்டு, சுத்திகரிக்கப்பட்டு, சில்வர் போ ஓடையில் விடப்படுகிறது. 1864-இல் பொன் தேடி மணல் அரித்த அதே ஓடை! கீழே என்ன இருக்கிறது என்று கேட்டவர்கள் விடை பெற்றார்கள். எடுத்தபின் என்ன ஆகும் என்னும் கேள்வியைத் தேடலின் முதல் நாளிலேயே கேட்டிருக்க வேண்டும் என்பதே பியூட் நமக்கு விட்டுச்சென்ற கல்வெட்டு.