தொடுகையற்ற மின்தூக்கிக் கட்டுப்பாடு

தொடுகையற்ற மின்தூக்கிக் கட்டுப்பாடு என்பது, பொத்தானை விரலால் அழுத்தாமலேயே மின்தூக்கியை (லிப்டு) அழைக்கவும், செல்லவேண்டிய தளத்தைத் தெரிவிக்கவும் பயன்படும் அமைப்பு ஆகும். அகச்சிவப்பு உணரி, கால்மிதி, செல்பேசி, குரல் என்பவற்றுள் ஒன்றன் வழியாக இது இயங்கலாம். 2020 இல் கோவிட்-19 பெருந்தொற்றின்போது இது பரவலாக அறியப்பட்டது. ஆயினும் இதிலுள்ள முதன்மைச் சிக்கல் பழையது. மனிதரின் கையையும் பிறவற்றையும் பொத்தான் எவ்வாறு வேறுபடுத்தி அறியும் என்பதே அது.

தொடு பொத்தானும் தீயும்

அழுத்தத் தேவையில்லாத பொத்தான்கள் 20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே புழக்கத்தில் இருந்தன. ஓட்டிஸ் நிறுவனத்தின் தொடு பொத்தானுள் வளிமம் நிரப்பிய சிறிய குழாய் ஒன்று இருந்தது. விரல் பட்டவுடன் உடலின் மின்கொண்மம் அக்குழாயைத் தூண்டும். குழாய் ஒளிர்ந்து, அழைப்பு பதிவானதைக் காட்டும். அசையும் உறுப்பு இல்லாததால் இது எளிதில் தேயாது.

ஆனால் தீயின் வெப்பமும் இத்தகைய பொத்தானைத் தூண்டக்கூடியதாக இருந்தது. 1970 ஆகத்து 5 அன்று நியூ யோர்க் நகரில் 50 மாடிகள் கொண்ட 'ஒன் நியூ யோர்க் பிளாசா' கட்டடத்தின் 33 ஆம் தளத்தில் தீப்பற்றியது. யாரும் அழைக்காதபோதும் மின்தூக்கி ஒன்று அத்தளத்தில் போய் நின்று கதவைத் திறந்தது. அதனுள் இருந்தோரில் இருவர் இறந்தனர். தீ எரியும் தளத்துக்கே ஆட்களைக் கொண்டு செல்லும் ஒரு கருவியைவிட ஆபத்தான வடிவமைப்புக் குறையை நினைப்பது கடினம். தீ எச்சரிக்கை எழுந்தால் எல்லா அழைப்புகளையும் புறக்கணித்து மின்தூக்கியைத் தரைத்தளத்துக்குத் திருப்பும் ஏற்பாடு பின்னர் பாதுகாப்பு விதிகளில் இடம்பெற்றது.

இயங்கும் முறை

இன்றைய உணரிகளுட் பல அகச்சிவப்புக் கதிரைத் துடிப்புகளாக உமிழ்கின்றன. சில சென்டிமீட்டர் தொலைவில் கை வந்தால் கதிர் தெறித்துத் திரும்பும். துடிப்பின் ஒழுங்கைக் கொண்டு, வெயிலிலும் விளக்கிலும் உள்ள அகச்சிவப்பிலிருந்து தன் கதிரை உணரி பிரித்தறிகிறது. கடந்து செல்வோரின் தோளோ பையோ அழைப்பாகப் பதிவாகாதிருக்க, கை சற்று நேரம் நிலைத்திருக்க வேண்டும் என நிரல்படுத்துவதும் உண்டு. வேறு சில உணரிகள் ஒளி சென்று திரும்பும் நேரத்தை அளந்து தொலைவைக் கணிக்கின்றன.

மின்னணுவியல் எதுவும் புதிதாகத் தேவைப்படாத தீர்வும் உண்டு. 2020 இல் பாங்காக்கின் சீக்கன் சுகொயர் அங்காடியில் மின்தூக்கிகளுக்குக் கால்மிதிகள் பொருத்தப்பட்டன. யூதர்களின் ஓய்வுநாள் மின்தூக்கியோ அழைப்பையே வேண்டுவதில்லை. அது தானாகவே தளந்தோறும் நின்று செல்லும். இதன் காரணம் தூய்மை அன்று, சமய விதியாகும்.

தூய்மை

கனடாவின் தொராண்டோ நகரில் மூன்று மருத்துவமனைகளில் நடந்து 2014 இல் வெளியான ஆய்வில், மின்தூக்கிப் பொத்தான்களில் 61 விழுக்காட்டிலும் கழிவறைப் பரப்புகளில் 43 விழுக்காட்டிலும் நுண்ணுயிரிகள் காணப்பட்டன. அவற்றுட் பெரும்பாலானவை நோய் விளைவிக்கும் தன்மை குறைந்தவை என்பதையும் சேர்த்தே இவ்வெண்களைப் படிக்க வேண்டும்.

பார்வையற்றோர்

பார்வையற்றோர் பிரெயில் எழுத்தை விரலால் தடவிப் படித்த பின்னரே பொத்தானை அழுத்துவர். உணரி பொருத்திய பலகையில் படிக்கும் விரலே வேண்டாத தளங்களைத் தெரிவு செய்துவிடக்கூடும். எனவே உணரியை எழுத்திலிருந்து விலக்கி அமைப்பதும், வழமையான அழுத்து பொத்தானை உடன் வைத்திருப்பதும் தேவையாகின்றன.